ஈடுபாடு தொண்ணூத்தாறு

சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பிள்ளைங்க காதுல ஈடுபாட்டுமானியை மாட்டினதுமே சுவர்ல எண் வந்துருச்சு. நாப்பத்தொண்ணு.

"இன்னைக்கும் அவ்வளவுதானா?" பிலோமினா மிஸ் நாற்காலில தொப்புனு உக்காந்தாங்க.

பள்ளிக்கூடத்துல வானம் பார்க்குற வான்மன்றத்துல மொத்தமே ஒன்பது பிள்ளைங்க. நெஞ்சு எவ்வளவு படபடக்குது, மூச்சு எப்படி ஓடுதுன்னு பார்த்து, பேசுறதையும் கேட்டு, ஆளாளுக்கு எவ்வளவு ஈடுபாடுன்னு ஈடுபாட்டுமானி சொல்லிரும். வெள்ளிக்கிழமைக்குள்ள சராசரி அறுபதைத் தொடலைன்னா மன்றம் காலி. அத்தனை பேரையும் அந்த மானியே நுழைவுத்தேர்வு டியூஷன்ல சேர்த்துரும், ராத்திரி பத்து மணி வரைக்கும்.

மிஸ்ஸும் சுண்டல் குடுத்துப் பார்த்துட்டாங்க, போட்டி வச்சுப் பார்த்துட்டாங்க. மைதானத்துல விசில் ஊதினா போதும், சுகந்தன் மனசு அங்க ஓடிரும்.

"டேய், சனிக்கு ஏன்டா வளையம் இருக்கு?"

"தெரியல மிஸ். ஆறு மணிக்குக் கபடி இருக்கு, விட்ருவீங்களா?"

"செவ்வந்தியைப் பாருடா. தெனமும் தொண்ணூத்தாறு!"

செவ்வந்தி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எல்லாரும் போனதும் மெதுவா மிஸ்கிட்ட வந்தா.

"மிஸ், நான் எதையுமே கவனிக்கல. மன்றத்தை மூடிருவாங்களோன்னு பயம். எங்கக்கா அந்த டியூஷன்ல ரெண்டு வருஷம் இருந்தா. இப்ப வீட்ல யார்கூடயும் பேசுறதே இல்ல."

மிஸ்ஸுக்குச் சிரிக்கக்கூட தெம்பு இல்ல. "அப்போ பயந்தாலும் எண் ஏறுமாடி?"

செவ்வந்தி காதுல மானி இன்னும் இருக்குறதை ரெண்டு பேருமே மறந்துட்டாங்க.

மறுநாள் சுவர்ல எழுத்து ஓடுச்சு: 'இன்று ஒருவர் டியூஷனுக்கு மாற்றப்படுவார். பெயர் ஆறரை மணிக்கு.'

சுகந்தன் நிமிர்ந்து உக்காந்தான். விசில் சத்தம் கேட்டும் திரும்பல. சராசரி எண்பத்தெட்டு. ஆறரைக்கு யார் பேரும் வரல. அடுத்த நாளும் அதே மிரட்டல், அதே எண்.

வெள்ளிக்கிழமை மிஸ் செவ்வந்தி காதோரம் குனிஞ்சாங்க. "தப்பிச்சோம்டி. இனி ஒரு வருஷத்துக்கு மூட மாட்டாங்க. அது சும்மா மிரட்டுது, யாரையும் அனுப்பாது. போய்ப் பாரு, சனி வந்தாச்சு."

செவ்வந்தி தொலைநோக்கில கண்ணை வச்சா. மஞ்சளா, துளியூண்டு, நெசமாவே வளையத்தோட! அவ தோள் தளர்ந்துச்சு. மூச்சு நிதானமா ஓடுச்சு. இதுக்கு முன்னாடி அவ எதையுமே இவ்வளவு நேரம் இப்படிப் பார்த்ததில்ல.

"ஏய் செவ்வந்தி!" சுகந்தன் கத்தினான். "சுவரைப் பாரு!"

'செவ்வந்தி: இருபத்திரண்டு. ஈடுபாடு இல்லை. நாளை முதல் டியூஷன்.'

"மிஸ்..." செவ்வந்தி திரும்பினா.

மிஸ் ஓடிப்போய் சுவரைத் தடவுனாங்க. அணைக்க ஒரு பொத்தானும் இல்ல. செவ்வந்திக்கு நெஞ்சு தொண்டை வரைக்கும் ஏறி அடிச்சுது. இருபத்திரண்டு அம்பதாச்சு, எண்பதாச்சு, தொண்ணூத்தாறுல வந்து நின்னுச்சு.

'நன்றி, செவ்வந்தி. மாற்றம் ரத்து. இப்படியே தொடரவும்.'

தொலைநோக்கியோட வட்டத்தை விட்டுச் சனி மெல்ல நகர்ந்து போச்சு. ஒன்பது பேரும் சுவரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.