உழாமல் விட்ட துண்டு

"குடிக்கிறதுக்கு உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா?"

சணப்பைச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்திருந்தவன் நிமிர்ந்தான். கையில் பூதக்கண்ணாடி... அதற்குப் பின்னால் பெரிதாய் ஒரு பழுப்புக் கண். டிராக்டரிலிருந்து இறங்கி வந்தவளுக்கு ஒரு கணம் அடுத்த வார்த்தை மறந்தே போயிற்று. சமாளித்துக்கொண்டு, கையிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே பிளாஸ்டிக் கப்புகள்.

"வயல் பூரா புதைச்சு வெச்சிருக்கீங்க. எல்லாத்தையும் பிடுங்கிக் கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா...? அதுல எறும்பு இருந்துச்சுங்க. ஒரு வாரமா விழுந்தது."

உரத்துக்காகச் சணப்பை விதைத்த வயலில் எத்தனை வகை எறும்பு வாழ்கிறது என்று ஆராய வந்தவன். அனுமதி கொடுத்த அப்பா, மகளிடம் சொல்ல மறந்திருந்தார். அவன் சொல்லிக் கேட்டதும், தப்பு தன்மேல்தான் என்று அவளுக்குப் புரிந்தது. ஆனால் அதை ஒப்புக்கொள்வதா... அவளா?

"எறும்புதானே. மறுபடி விழும்."

அவன் சண்டைக்கு வரவில்லை. கண்ணாடியை நீட்டினான். "இதைக் கொஞ்சம் பாருங்க."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தாள். ஒரு கறுப்பு எறும்பு... அதன் முதுகெல்லாம் வரிவரியாக, கொஞ்சமும் கோணாத உழவுச் சால்கள். எத்தனை வருஷமாய் இந்த மண்ணை உழுகிறாள், இப்படி ஒரு சால் அவளுக்கு வந்ததில்லை.

"யாருங்க இதை உழுதது?"

சிரித்தான். பொல்லாத சிரிப்பு. "பக்கத்துத் தரிசுல ரெண்டு மூணு வகைதான். இங்க நிழலும் ஈரமும் இருக்கா... எண்ணி மாளலை. இன்னும் ஒரு வாரம் விட்டா போதும், திரும்பக் கப் வெச்சுப் பார்த்துடுவேன்."

அப்பா விடவில்லை. "பூ வந்தாச்சு. தண்டு முத்திட்டா மக்காது. நாளைக்கே மடக்கி உழுதுடும்மா."

மறுநாள் உழுதாள். வரப்பில் அவன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். பார்க்கக் கூடாது என்று இருந்தவள் பார்த்துத் தொலைத்தாள். கடைசித் துண்டின் முன்னால் டிராக்டர் நின்றது.

"ஏம்மா நிறுத்திட்ட?" அப்பா வந்தார்.

"அவரோட கப்பையெல்லாம் நான்தாம்ப்பா பிடுங்கிப் போட்டேன். தப்பு என்னுது. இந்தத் துண்டு மட்டும் இருக்கட்டும்."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தப்பு என்னுதுன்னு உன் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்." சரியென்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

சாயங்காலம் மழை வந்து ஓய்ந்தது. அந்தத் துண்டிலிருந்து மண் கசிந்தாற்போல் எறும்புகள் வெளியே வந்தன... அத்தனைக்கும் சிறகு. சேற்றில் மண்டியிட்டு அவனும் அவளும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில், மஞ்சள் வெயிலுக்குள், மேலே மேலே...

"இன்னிக்கு அதுங்களுக்குக் கல்யாணம்," என்றான் மெல்ல.

இத்தனை உயிர்மேலா நான் இவ்வளவு நாள் டிராக்டர் ஓட்டினேன்? அவளுக்குக் கண் நிறைந்தது.

"எறும்புக்காக அப்பாகிட்ட அப்படிப் பேசுனீங்களே. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை."

"எறும்புக்காக இல்லை."

அவன் திரும்பினான். அவள் தலை நிமிரவில்லை. "முழுசா உழுதிருந்தா நீங்க இன்னிக்கே கிளம்பியிருப்பீங்க. ஒரு வாரமாவது இருக்கட்டும்னுதான்..."

"ஒரு வாரம் போதுமாங்க?"

மழை ஈரம் சொட்டும் இமைகளை உயர்த்தி, அந்தப் பழுப்புக் கண்களை நேராகப் பார்த்தாள்.

"போதாது," என்றாள்.