ஒட்டிக்கிட்ட பின் சக்கரம்

மழை ஆரம்பிச்சதுலேருந்து நின்ன எடத்தை விட்டு ஒரு அடி நகராத வண்டி. அதோட பின் சக்கரம் சுடுமா? சுட்டுது. அடுப்புலேருந்து எறக்கின இட்லிப் பானை மாதிரி சுட்டுது. குருமூர்த்தி கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டாரு.

அதுக்கும் ஐயாகிட்ட காரணம் ரெடி. வெயிலாம். கல்கத்தா லேக் கார்டன்ஸ்ல அவரு குடியிருக்கற ஃபிளாட்டுக்கு அடியில, மத்தியானத்துலயே டார்ச் அடிச்சாத்தான் சொந்தச் செருப்பு கண்ணுக்குத் தெரியும்ங்கற கார் ஷெட்டுக்குள்ள எங்கேருந்து வெயில் வரும்? ஆனா துறைமுகத்துல பெரிய என்ஜினியர் பாருங்க, வாயிலேருந்து வந்துட்டா அது விதி.

வண்டி பழைய ஃபோர் வீல் டிரைவ், தூத்துக்குடியில இருந்தப்போ வாங்கினது. மாத்தலாகி வந்தப்போ கூடவே கொண்டு வந்தாரு, நம்பர் பிளேட் இன்னும் டி.என்.தான். மழைக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டுட்டு நிறுத்தினாரு. "ஈரத்துல அப்படிப் போட்டு வைக்காதீங்க, உள்ள ஒட்டிக்கும்"னு சம்சாரம் ஷியாமளா சொன்னா. அவ அப்பா லாரி வச்சிருந்தவரு. "உங்கப்பா பருத்தி மூட்டை ஏத்தினாரு, நான் கப்பலையே இறக்கறவன்"னு இவரு சிரிச்சாரு.

ஒட்டிக்கிச்சு. ஹேண்ட் பிரேக்கை எறக்கிட்டு ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, பின்பக்கம் அப்படியே குந்திக்கிட்டு உறுமுது, நகரல. நாளைக்குக் காலையில அதே ஷெட்டுல துர்கா பூஜை பந்தலுக்கு மூங்கில் எறங்குது. அதுக்குள்ள வண்டி வெளியில போகலேன்னா கிரேன் வச்சுத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க. ஃபிளாட் கமிட்டி மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி, "நானே சரி பண்ணி, நானே ஓட்டிட்டு வெளிய வரேன், நீங்க எல்லாம் பால்கனியில நின்னு பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்தவரு.

அன்னிக்குன்னு பார்த்து விஸ்வகர்மா பூஜை. ஊர்ல ஒரு ஒர்க்‌ஷாப் திறக்கல. மொட்டை மாடி பூரா பட்டம், ஒண்ணு அறுந்தா "போகாட்டா"ன்னு ஒரே கூச்சல். அன்னிக்கு எந்த மெஷினையும் எழுப்ப மாட்டாங்க இங்க. ஸ்பேனரைக் கூடத் துடைச்சு, பொட்டு வச்சு, படுக்க வச்சிடுவாங்க. வாட்ச்மேன் பிஷு இவரு வண்டி பானட்டுலயும் குங்குமம் இட்டு ஒரு சாமந்திப் பூவைச் சொருகியிருந்தான்.

"ஆஜ் நொய், தாதா," இன்னிக்கு வேண்டாம் அண்ணேன்னான் பிஷு. "இன்னிக்கு அது தூங்கற நாள்."

"எங்க ஊர்ல ஆயுத பூஜை அடுத்த மாசம்தான். இது தமிழ்நாட்டு வண்டி. உங்க சாமிக்கு இது மேல ஜூரிஸ்டிக்‌ஷன் கிடையாது." பூவைத் தூக்கிக் கழிவுத்தண்ணியில எறிஞ்சாரு. குங்குமத்தை கிரீஸ் துணியால தேய்ச்சாரு. பிஷு ரோட்டுக்கு எதிர்ல விஸ்வகர்மா பந்தல்ல கிச்சடி சாப்பிடப் போயிட்டான்.

முன் சக்கரத்துக்குச் செங்கல் வச்சு, பின்பக்கத்தை ஜாக்கியில தூக்கி ஸ்டாண்டு கொடுத்தாரு. வலது சக்கரம் விரல் பட்டதும் சுத்துச்சு. இடது, அந்தச் சுடற சக்கரம், அசையல. பிரேக் ஆயில் போற நிப்பிளைத் திறந்து பிரஷரை விட்டுப் பார்த்தாரு, அசையல. சரி, ஹேண்ட் பிரேக் கேபிள்தான் இழுத்துப் பிடிச்சிருக்கும்னு அதைக் கழட்டிக் கீழ போட்டாரு. அப்பவும் அசையல. "பிரேக் லைனிங் டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டியிருக்கு, அவ்ளோதான்"னு, கேக்க ஆளே இல்லாத எடத்துல லெக்சர் வேற. டயரைக் கழட்டினாரு. பிரேக்கை மூடியிருக்கற இரும்புச் சட்டி, அந்த டிரம்மைச் சுத்தித் தட்டினாரு.

டங். டங். டங்.

உள்ளேருந்து ஒரு டங் திரும்பி வந்துச்சு.

எதிரொலின்னாரு. அப்போ ஏன் அது கொஞ்சம் நிதானிச்சு வரணும்? கருகின ரப்பர் வாசனையோட ஈரக் குங்கும வாசனையும் சேர்ந்து தொண்டையில இறங்கிச்சு. வெளிய பட்டக் கூச்சல் ஒண்ணொண்ணா அடங்கி, பொழுது சாய்ஞ்சு, ஷெட்டுக்குள்ள தூணோட நிழலெல்லாம் நீண்டு வந்து வண்டியைச் சுத்திக் கூட்டமா நிக்கற மாதிரி ஆயிடுச்சு. மேல டிரைவர் சீட்டு ஸ்பிரிங் கிரீச்சுனுச்சு. யாரோ நல்லா சாய்ஞ்சு உக்காந்த மாதிரி.

"பிஷு, வெளாடாதே. எறங்குடா."

தலையை நீட்டிப் பார்த்தாரு. பிஷு ரோட்டுக்கு அந்தப் பக்கம், இலைத் தட்டைக் கையில வச்சுக்கிட்டு இவரையே பாத்துக்கிட்டு இருந்தான். சாப்பிடறதை நிறுத்தியிருந்தான்.

இப்பவாவது எழுந்து போயிருக்கலாம். மாடி ஏறி, "ஷியாமளா, ஒரு டீ போடு"ன்னு சொல்லியிருக்கலாம். பால்கனியில நாலு பேரு சிரிப்பாங்களே, அது பயம். டிரம்முல இருக்கற ரெண்டு ஓட்டையிலயும் போல்ட்டை மாட்டி மாத்தி மாத்தி முறுக்கினாரு. பட்டுனு ஒரு சத்தம். ஒட்டினது விட்டுது. டிரம் பாதி வெளிய வந்து நின்னுச்சு.

பாத்தீங்களான்னு ஒரு சிரிப்பு. மிச்சத்தை இழுக்க, ரெண்டு கை விரலையும் அந்த இடுக்குல நுழைச்சாரு.

உள்ள கதகதன்னு இருந்துச்சு. தூங்கறவன் அக்குள் மாதிரி.

மேல, வண்டிக்குள்ள, சத்தம் கேட்டுச்சு.

கர்.

ஹேண்ட் பிரேக் சத்தம். இருபது வருஷமா அவரு கையாலயே இழுத்துக் கேட்ட சத்தம்.

கர். கர்.

லைனிங் மெதுவா வெளிப்பக்கம் விரிஞ்சு, விரலை டிரம்மோட சேத்து அமுக்குச்சு. விரலை உருவப் பார்த்தாரு. வரல. கேபிளைப் பார்த்தாரு. அது கழட்டிப் போட்ட எடத்துலயே, முழங்காலுக்குப் பக்கத்துல, செத்த பாம்பாக் கெடந்துது.

கர்.

"ஷியாமளா."

மாடியில வீட்டுக்கு வீடு சாயங்காலச் சங்கு ஊத ஆரம்பிச்சிருந்தாங்க. அவரு குரல் அவருக்கே கேக்கல.

டிரம் விளிம்புல சிவப்பா ஒரு சொட்டு திரண்டுச்சு. உருண்டையா. பொட்டு மாதிரி.

பிரேக் பிடிச்சா சக்கரம் சுத்தாது, விரல் மாட்டின டிரம்மும் சுத்தாது. அந்த ஒரு நெனப்பைத்தான் அவரு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. சுத்தாது. சுத்தவே சுத்தாது.

வண்டிக்கு அடியில, அந்தப் பக்கம், அந்தரத்துல தொங்கற வலது சக்கரத்தைப் பாத்தாரு.

அது அசைஞ்சுது.

அப்புறம், தூக்கம் கலைஞ்ச மாதிரி, மெதுவா, சுத்த ஆரம்பிச்சுது.