மிச்சம் வைத்தவள்

செவ்வந்தி ஏறுபோட்டிச் சுவரின் உச்சிப் பிடியைத் தொட்டுவிட்டாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் அப்பா மருதாசலம் சன்னல்களைச் சாத்தித் திரைகளையும் இழுத்துவிட்டார்.

சாத்தினால் விடுவார்களா? எதிர்வீட்டு ரங்கநாயகி உறைமோர் கேட்கும் சாக்கில் கிண்ணத்தோடு வந்து நின்றாள். கோவை நொய்யல் அடுக்ககம் முழுவதற்கும் உறைமோர் கொடுப்பவளே அவள்தான்.

"ஏனுங், புள்ள மேல வரைக்கும் போயிட்டாளாமா?"

"ஆமாங்."

"மிச்சம் இருவத்திரண்டுன்னு பலகைல போட்டாங்களாமா. எனக்கு நம்பிக்கையே வரலீங். அடக்கமான புள்ளையாச்சே."

மருதாசலம் தலையைத் தூக்காமல் மோரை ஊற்றிக் கொடுத்தார்.

ஒரு காலத்தில் உச்சியைத் தொட்டவருக்குத்தான் பதக்கம் போட்டார்கள் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கும். ஆனால் நடந்ததுதான். முதலில் நிஜப் பாறைகளில் ஏறிப் போட்டியிட்டார்கள். கூட்டம் மலைக்குப் போக அலுத்துக்கொண்டதால் ஊருக்குள் பலகைச் சுவர் எழுப்பி, நெகிழிப் பிடிகளைத் திருகினார்கள். முன்னால் ஏறுபவரைப் பார்த்து அடுத்தவர் வழி தெரிந்துகொள்கிறார் என்று சண்டை வந்தது. முறை வரும்வரை ஏறுநர்களை ஒதுக்கறையில் அடைத்தார்கள். என்ன மாற்றினாலும் அளந்தது உயரத்தை மட்டுந்தான். விழுந்தவர் எல்லாரும் சொன்னது ஒரே வசனம்: முடிந்தமட்டும் பார்த்தேன்.

அதில் எத்தனை பொய் என்று மிச்சமானி வந்த பிறகுதான் தெரிந்தது. மணிக்கட்டில் கட்டும் பட்டை. தசையில் இன்னும் எவ்வளவு வலு பாக்கி என்று நூற்றுக்கு இவ்வளவாகக் காட்டும். காயப்படாமல் பயிற்சி எடுக்க மருத்துவர்கள் செய்து கொடுத்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதை அரங்கத்துப் பெரிய பலகையோடு இணைத்துவிட்டார். பேர் பெற்ற வீரர் ஒருவர் நாற்பது மிச்சம் வைத்துக்கொண்டு கையை விட்டதை ஊரே பார்த்தது. அதற்கப்புறம் உயரத்தை யார் பார்த்தார்கள்? அடுத்தவர் மனசுக்குள் எட்டிப் பார்ப்பதைவிட ருசியான விளையாட்டு உண்டா என்ன? ஏறுசங்கமும் கூட்டத்தின் வழிக்கு வந்தது. சுழியத்தில் விழுகிறவருக்கே முதலிடம்.

உச்சி வரை போனவரிடம் எப்படியும் கொஞ்சம் பாக்கி இருக்கும். இருந்தால், முழுதாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர் வீட்டில் யார் சம்பந்தம் பேசுவார்கள்?

"நடுவுல விழுந்திருக்கலாமே கண்ணு," என்றார் மருதாசலம், சாப்பாட்டின்போது.

"விழத் தோணலீங்கப்பா. அடுத்த புடி கைக்கு எட்டுச்சு, புடிச்சேன். அதுக்கடுத்ததும் எட்டுச்சு."

"எட்டுனா? நாலு பேரு பாக்கறாங்கன்னு நெனப்பு வேண்டாமா?"

செவ்வந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மேலே நின்றபோது சந்தோஷமாக இருந்தது என்பதை அவள் சொல்லவில்லை. அதைச் சொன்னால் இன்னும் கேவலம்.

சங்கம் இரக்கப்பட்டு இன்னொரு வாய்ப்புத் தந்தது. இறுதிச் சுற்றில் சுழியம் காட்டினால் மாவட்ட அணியில் இடம். மறுபடி மிச்சம் வைத்தால் ஆயுளுக்கும் சுவரைத் தொடக்கூடாது. சுவரைத் தவிர அவளுக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை.

இறுதிச் சுற்றன்று ஒதுக்கறையில் ஒருத்தி கதவு நிலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி தண்ணீர் கேனைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பொள்ளாச்சிக்காரி பூவிழி தரையில் தண்டால் எடுத்தபடியே பேசினாள்.

"போன தடவ நீங்க சும்மா உக்காந்திருந்தீங்கல்லக்கா, எங்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு."

"கையை இங்கயே தீத்துட்டா அங்க எப்படி ஏறுவீங்க?"

"ஏறறதுக்கா வந்திருக்கோம்?"

"இது சங்கத்துக்குத் தெரியாதா?"

"எல்லாருக்குந் தெரியும். பட்டைய வெளிய போறப்பத்தான கட்டறாங்க."

செவ்வந்தி அறைச் சுவரில் இருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். விரல்கள் விட்டுப்போகும்வரை தொங்கினாள். பிறகு கேனைத் தூக்கினாள். பெயர் கூப்பிட்ட பிறகும் இன்னொரு முறை தூக்கினாள்.

பட்டை கட்டியபோது பலகை இரண்டு என்றது. முதல் பிடியில் கையை வைத்தாள். விரல் மடங்கவில்லை. கால் இன்னும் மெத்தையில்தான் இருந்தது. பலகை சுழியத்துக்கு வந்தது.

நடுவர்கள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். குறைந்தது இவ்வளவாவது ஏறியிருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை.

"தரையிலேயே சுழியம்," என்றார் அறிவிப்பாளர். "இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே முதல்முறை."

கூட்டம் எழுந்து நின்றது. "எங்க அடுக்ககத்துப் புள்ளைங்," என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லி மூக்கைச் சிந்தினாள் ரங்கநாயகி. மருதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கச் செயலாளர் பக்கத்திலிருந்தவரிடம், அடுத்த ஆண்டு சுவரே வேண்டியதில்லை, மெத்தை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதக்கத்தை அணிவித்து அவளைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். படக்கருவி அவள் முகத்தைப் பலகை நிறையப் பெரிதாக்கியது. செவ்வந்திக்கு அந்த முகத்தை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை.