மச்சானின் லாகின்

ஆஸ்பத்திரியின் நிலவறைக்கு அவன் மத்தியானத்தில்தான் வந்தான். புது ஸ்விட்ச் மாட்ட வேண்டும். ஸ்விட்ச் என்றால் விளக்கு போடுகிற சமாசாரம் இல்லை. கட்டடத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒன்றாகக் கோக்கிற இரும்புப் பெட்டி. அதற்குள் யார் நுழையலாம் என்பதை எங்கோ இருக்கிற சர்வர்தான் சொல்லும். சர்வர் தொடர்பு போய்விட்டால்? அதற்காகப் பெட்டிக்குள்ளேயே ஒரு பாஸ்வேர்டை வைத்துவிட்டுத்தான் மறுவேலை. இந்தத் தொழிலில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த பாடம் அது.

போன மழைக்காலத்தில் அவன் அதை வைக்கவில்லை. வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே பெட்டியின் அமைப்புகளை மாற்றினான். அத்தனையும் சோம்பேறித்தனம். சர்வர் தொடர்பு அறுந்தது. பெட்டி எவரையும் உள்ளே விடவில்லை. கையால் அணைத்துப் போட, கூட வேலை பார்த்த மச்சான், அவன் மனைவியின் அண்ணன், இதே அறைக்கு இறங்கினார். தரையெல்லாம் மழைத்தண்ணீர். மின்சாரம் பாய்ந்து அங்கேயே விழுந்தார்.

விசாரணையில், "மச்சான்தான் மாத்தினாரு" என்று கூசாமல் சொல்லிவிட்டான். போனவர் வந்து மறுக்கவா போகிறார்? அவன் மனைவிதான், "எங்கண்ணன் அவ்வளவு அசட்டையான ஆளாங்க?" என்று கேட்டுக் கேட்டு அழுகிறாள். ஒவ்வொரு முறையும் அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறான்.

இந்த முறை பாஸ்வேர்டை மறக்காமல் பெட்டிக்குள் வைத்தான். சர்வரின் முகவரியைக் கொடுத்தான். சோதித்துப் பார்க்க நுழைந்தான்.

ஏற்கெனவே ஒருவர் உள்ளே இருந்தார்.

மச்சான் பெயர். சர்வரிலிருந்து அவன் கையாலேயே அழித்த பெயர். பெட்டியில் நேராகக் கேபிள் செருகி நுழைந்திருப்பதாகத் திரை காட்டியது. அந்தத் துளையில் கேபிளே இல்லை.

ஈரத்துணி வாடை வந்தது. கூடவே, கருகல்.

அந்தப் பெயரை வெளியே தள்ளினான். திரும்ப வந்தது. பிறகு அது அவனையே வெளியே தள்ளியது. தன் பாஸ்வேர்டைப் போட்டான். அனுமதி இல்லை. பெட்டிக்குள் வைத்ததைப் போட்டான்.

அனுமதி இல்லை.

பின்கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"மன்னிச்சிடுங்க மச்சான்," என்று முணுமுணுத்தான். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பெயர் கேட்கும் இடம் மட்டும் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. அங்கே எழுதினான்: நான்தான் மாத்தினேன். நீங்க இல்ல.

அனுமதி கிடைத்தது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தான். சொல்லியாகிவிட்டது, இனி அவளுக்குத் தெரியவா போகிறது? அந்த வெட்கங்கெட்ட நிம்மதி அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, அண்ணன் நம்பர்ல இருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கு."

"அவர் போன்தான் பீரோவில..."

"ஆமா. என் கையிலதான் இருக்கு. சார்ஜே இல்ல."

"என்ன... என்ன போட்டிருக்கு?"

"'நான்தான் மாத்தினேன், நீங்க இல்ல'ன்னு." அவள் குரல் உடைந்தது. "கீழ உங்க பேர் இருக்குங்க."

அவன் போனை மறுகாதுக்குக் கொண்டுபோனான்.

"சொல்லுங்க. அன்னிக்கு யாரு மாத்தினது?"

திரையில் மச்சான் இன்னும் உள்ளேதான் இருந்தார்.