பத்துச் சங்கிலித் தூரம்

அன்று சின்னையா வழக்கத்தைவிட மெதுவாகத்தான் கை வீசினான். ஆனால் முன்னதாக வந்து சேர்ந்துவிட்டான்.

நல்லம்மாள் கடிகாரத்தைக் காதருகே வைத்துப் பார்த்தாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கூலி லயத்து வீடுகளுக்குப் பின்னால், ஈயம் தோண்டியெடுத்துக் கைவிட்ட பள்ளத்தில் மழைநீர் நின்று குட்டையாகியிருந்தது. பனி இன்னும் லாலான் புல்லை விட்டு எழாத விடியலில், வெள்ளை மணல்மேட்டில், கங்காணி வேலாயுதத்திடம் இரவல் வாங்கிய கடிகாரத்தை உள்ளங்கையில் ஏந்தி அவள் உட்கார்ந்திருப்பாள்; கீழே, தண்ணீரில் நட்ட இரண்டு மூங்கில்களுக்கு நடுவே அவள் புருஷன் போவதும் வருவதுமாக இருப்பான். மூங்கிலுக்கு மூங்கில் ஒரு சங்கிலி, அறுபத்தாறு அடி. பத்துச் சங்கிலி ஒரு பர்லாங். துறைமுகத்து லாஞ்சுப் படகுக்கு ஆள் எடுக்கும் துரை கேட்டது அந்த ஒரு பர்லாங்கைத்தான், நாலரை நிமிடத்துக்குள்.

தண்டவாளம் போடும் கூலிக் கூட்டத்தில் ஆள்குறைப்பு. பட்டியலில் சின்னையாவின் பெயர் இருந்தது. சனிக்கிழமைப் பரீட்சையில் தேறாவிட்டால் மாதக் கடைசியில் இருவரும் ஊருக்குக் கப்பலேற வேண்டும். பதினாறு வருடம் கல் இடித்தவனுக்கு ரயில் கொடுத்த மரியாதை அது. ஊரில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது.

"என்னடா சின்னையா, கப்பல் எதுக்கு? நீந்தியே நாகப்பட்டினம் போயிடுவ போலிருக்கே லா!" என்று வேலாயுதம் சிரித்தார். அவர் பெயர் பட்டியலில் இல்லை.

முதல் வாரம் ஐந்து நிமிடம் பத்து வினாடி. "தலையைத் தூக்காதீங்க, கையை நல்லா நீட்டி இழுங்க" என்று நல்லம்மாள் சொல்லிச் சொல்லி, சங்கிலிக்கு நாற்பது வீச்சை முப்பத்தாறாக்கினாள். நாலு ஐம்பதுக்கு வந்தது. அங்கேயே நின்றது.

மெதுவாகக் கை வீசிய அன்று நாலு நிமிடம் ஐந்து. சங்கிலிக்கு இருபத்தெட்டு வீச்சு.

"மூங்கில் சேத்துல நகர்ந்திருக்கும்" என்றாள்.

மறுநாள் அவன் கூட்டத்தின் இரும்பு அளவுச் சங்கிலியையே தோளில் போட்டு வந்து அளந்தான். இம்மியும் பிசகவில்லை.

"பாத்தியா? புருஷன் தேறினா பொறுக்காதா உனக்கு?"

அன்று மூன்று நிமிடம் இருபது. வீச்சு இருபதுக்கும் குறைவு. ஆறாவது சங்கிலியில் அவன் கையை மடக்கி முகத்தைத் துடைத்ததை அவள் பார்த்தாள். துடைத்த நேரத்திலும் அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். குட்டையில் வேறு அலையே இல்லை. காற்றும் இல்லை. துருப்பிடித்த இரும்பை நனைத்தாற்போன்ற வாடை மட்டும் மேட்டுவரை ஏறி வந்தது.

கரையேறியவனிடம் கேட்டாள். வேட்டியைப் பிழிந்துகொண்டே, அவள் முகத்தைப் பாராமல் சொன்னான்.

"அடிவயித்துல ஒரு கை தாங்குது, புள்ள. சின்னப் பிள்ளைக்கு நீச்சல் பழக்குற மாதிரி."

"இனிமே இங்க இறங்காதீங்க. கிள்ளான் ஆத்துல பாத்துக்கலாம்."

"வேற தண்ணில எனக்கு ஏது வேகம்? அளந்தவ நீதானே."

"சனிக்கிழமை கடல்ல அந்தக் கை வருமா?"

"கேட்டிருக்கேன், கூட வரியான்னு."

"யாருகிட்ட? என்ன சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல. கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுது."

வெள்ளிக்கிழமை அவள் கடிகாரத்தை ஒளித்து வைத்தாள். அவன் தேடி எடுத்தான். "கப்பல்ல ஏத்திப் பாக்கணுமா என்னை?" என்றான். அவள் கூடவே நடந்தாள்.

தவளைகள் கத்தவில்லை. அவன் இறங்கினான். முதல் சங்கிலி, பத்து வீச்சு. இரண்டாவது, ஆறு. மூன்றாவது, ஒன்றுமில்லை.

கைகள் பின்னால் தொங்கி இழுபட்டன.

நாலாவது திருப்பத்தில் முகம் மேலே வந்தது. வாய் திறந்தது. சொல்லுக்கு முன்னால் தண்ணீர் புகுந்தது.

"போதுங்க! வாங்க! வந்துடுங்க!"

ஐந்து. ஆறு. முகம் பிறகு வரவில்லை.

பத்து முடிந்தது. ஒன்றரை நிமிடம். அந்த வேகத்துக்கு எந்தத் துரையும் வேலை கொடுத்திருப்பான்.

நிற்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு.

அவளுக்கு நீந்தத் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் மூங்கிலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் வந்தான். தலைமுடியை எட்டிப் பிடித்தாள். ஒரு கணம் இழுப்பு நின்றது. உடம்பு புரண்டது.

கண்கள் திறந்திருந்தன. வயிற்றின் குறுக்கே, பின்னாலிருந்து கோத்துப் பிடித்த விரல்கள். ஈயம்போல் வெளுத்து, நகமில்லாமல்.

எண்ணிப் பழகிய மனம் அந்த விரல்களை எண்ணியது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.

முடி அவள் கையை விட்டு நழுவியது. அவன் திரும்பி, மறு மூங்கிலை நோக்கிப் போனான்.