கழுதை தின்ற உத்தரவு

கம்பெனியின் உத்தரவை எங்கள் கழுதை தின்றுவிட்டது. எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

எங்களிடம் புல் வாங்கும் கம்பெனியின் கிடங்குக் கதவில் ஆணி அடித்து மாட்டியிருந்த பெரிய காகிதம் அது. காலையில்தான் மாட்டினார்கள். நானும் உம்மாவும் போன பருவத்தில் பிடுங்கிக் காயவைத்த புல்கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குள் பாதிக் காகிதத்தைக் காணோம். எங்கள் கழுதை சர்க்கா ஒன்றும் தெரியாததுபோல நின்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது.

மேஸ்திரி சால்வதோர் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கோபம் வந்தால் அவருக்குக் காது இரண்டும் சிவந்துவிடும். அவர் பேசுவதை எங்களுக்கு மாற்றிச் சொல்பவர் ஜெல்லூல் அண்ணன். கம்பெனியில் மொழிபெயர்க்கும் வேலை அவருக்கு. எனக்குப் பெரியம்மா மகன்.

"உங்க கழுதைக்கு அறிவில்லையான்னு கேக்கிறார்" என்றார் ஜெல்லூல் அண்ணன்.

"இவ்வளவு நேரம் கத்தினாரே, அவ்வளவுதானா?" என்று கேட்டேன்.

"மீதிய உங்கிட்ட சொல்ல முடியாது ஹத்தா."

மேஸ்திரி போன பிறகு உம்மா மெதுவாகக் கேட்டார். "அதுல என்னப்பா எழுதியிருந்துச்சு?"

ஜெல்லூல் அண்ணனின் முகம் வாடிவிட்டது. "வர்ற திங்கள்கிழமையிலிருந்து கிணத்து மேட்டுல புல் பிடுங்கணுமாம், சின்னம்மா."

"இப்பவா? தளிர் விடுற நேரத்துலயா?"

"இப்பவேதான்."

உம்மா கழுதையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் மேட்டுநிலத்தில் ஹல்பா புல்தான் எல்லாம். அதைப் பிடுங்க அரிவாள் வேண்டாம். கையளவு குச்சி போதும். புல்லின் நுனிகளைக் குச்சியில் சுற்றி ஒரே இழுப்பு. இலையுதிர்காலத்தில் இழுத்தால் தாள்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு கையோடு வரும், வேர் மண்ணிலேயே இருக்கும். மழை முடிந்து தளிர் விடும் மாதங்களில் இழுத்தால் வேரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். அதனால் அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் யாரும் குச்சியைத் தொடமாட்டார்கள். ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பார்கள், மண்ணுக்குள் விளையும் காளானைத் தோண்டுவார்கள். இதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை. பால்பல் விழாத குழந்தைக்குக்கூடத் தெரியும்.

கம்பெனிக்குத்தான் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் கவலையில்லை.

போன வருடம் பக்கத்துச் செம்மேட்டில் இப்படித்தான் தளிர்காலத்தில் பிடுங்கச் சொன்னார்கள். கோடையில் காற்று அடித்தது. மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை. மேடு அப்படியே சரிந்து அவர்களுடைய கிணற்றை மூடியது. என் தோழி ஜொஹ்ராவின் வீட்டார் கூடாரத்தைப் பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போகும்போது அவள் தன் புல்குச்சியை என்னிடம் கொடுத்தாள். எங்கே போனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் குச்சியை எப்போதும் இடுப்பில் செருகி வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் கிணற்றின் முறை.

மத்தியானம் வாற்கோதுமை ரொட்டியைப் பிட்டு மோரில் தொட்டுக்கொண்டே உம்மாவிடம் கேட்டேன். "நாம பிடுங்க மாட்டோம்னு சொல்லிட்டா என்ன?"

"ரயில்ல வேற ஆளுங்கள ஏத்திட்டு வருவாங்க. அவங்களுக்கு இது எந்த மேடோ, எந்தக் கிணறோ."

"மேடு நம்மளோடதுதானே?"

உம்மா சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "கீழ சமவெளியில நமக்குக் கோதுமை நிலம் இருந்துச்சு. பிரெஞ்சுக்காரங்க பட்டாளத்தோட வந்து, 'உங்க நிலம்னா காகிதம் காட்டு'ன்னு உங்க தாத்தாகிட்ட கேட்டாங்க. அவர்ட்ட ஏது காகிதம்? கலப்பைதான் இருந்துச்சு. நிலம் போச்சு, இங்க மேல வந்தோம். இப்ப இந்த மேட்டுக்கும் அதே கேள்வி."

ரொட்டியைக் கீழே வைத்தேன். மடியில் வைத்திருந்த காகிதத் துண்டை எடுத்தேன். சர்க்காவின் வாயிலிருந்து நான் இழுத்துப் பறித்தது அது. ஓரமெல்லாம் எச்சில்.

சர்க்கா சாக்கைத் தின்னாது. கயிற்றைத் தின்னாது. ஒரு முறை மேஸ்திரியின் தொப்பியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்படிப்பட்ட கழுதை காகிதத்தை ஏன் ஆசை ஆசையாகத் தின்றது?

ஓடிப்போய் ஜெல்லூல் அண்ணனிடம் கேட்டேன்.

"அது நம்ம புல்லுதானே. கழுதைக்கு வாசனை தெரியாதா?" என்றார் அவர்.

"காகிதம் புல்லுல செய்யிறதா?"

"பின்ன? இத்தன வருஷமா புல்லு கப்பல் ஏறிப் போகுதே, இங்கிலாந்துல மாடா மேய்க்கிறாங்க? அங்க நீராவியில ஓடுற அச்சு இயந்திரம் வந்துருச்சு. ராத்திரி பகலா பத்திரிகை அடிக்குது. முன்னெல்லாம் கந்தல் துணியில காகிதம் செஞ்சாங்க. கந்தல் பத்தல. உலகம் பூராத் தேடி, நம்ம புல்லக் கண்டுபிடிச்சாங்க."

"புல்லு வேணும்னா நம்மகிட்ட கேட்டு வாங்கலாமே? எதுக்கு மேட்டையே எடுத்துக்கணும்?"

"கேட்டா நீ 'இப்ப வேணாம், தளிர் விடுது'ன்னு சொல்லுவியே. இயந்திரம் காத்திருக்காது. அதான் அந்த ஊர்க் காகித ஆலைக்காரர் அவசரப்படுத்துறார், இங்க இருக்குற கம்பெனி மேட்ட வளைச்சுப் போடுது."

நான் காகிதத்தை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் எழுத்தைத் தவிர வேறொன்றும் இருந்தது. சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மயிர் போல ஒரு வால்.

நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனேன். மனமில்லாமல்தான் ஒரே ஒரு புல்தூரைப் பிடுங்கினேன். வேரோடு வந்தது. வேரைக் கல்லில் வைத்து நசுக்கி, காகிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அதே கறுப்பு. அதே வால்.

வியாழக்கிழமை ரயிலில் அந்த ஆலைத் துரையே வருகிறார் என்று கிடங்கு முழுக்கப் பேச்சாக இருந்தது. நான் ஜெல்லூல் அண்ணனைப் பிடித்தேன்.

"நான் அவர்கிட்ட பேசணும்."

"வேணாம்மா. என் வேலை போயிரும்."

"நீங்க எதுவும் சொல்ல வேணாம் அண்ணே. நான் சொல்றத மாத்திச் சொன்னாப் போதும். அதுதானே உங்க வேலை?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்கிட்ட வாய் கொடுத்தது என் தப்பு" என்றார். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஆலைத் துரை வந்தார். ஒல்லியான மனிதர், மூக்கில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து மேஸ்திரியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். எல்லாத் தாளிலும் புள்ளி.

"அது கப்பல்ல இருக்குற கரித்தூள்னு மேஸ்திரி சொல்றார்" என்று ஜெல்லூல் அண்ணன் என் காதில் சொன்னார்.

நான் நடுவில் போய் நின்றேன். ஜொஹ்ராவின் குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரி "போ, போ" என்று கையை வீசினார். நான் போகவில்லை.

"அது கரி இல்ல. வேர்" என்றேன்.

ஜெல்லூல் அண்ணன் மாற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

"நான் சொன்னது ரெண்டு வரி. நீங்க ஏன் இவ்வளவு நீளமாச் சொல்றீங்க?"

"மரியாதை சேத்திருக்கேன். நீ மேல பேசு."

நான் கழுதை மென்ற துண்டையும் நசுக்கிய வேரையும் நீட்டினேன். துரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குச்சியை அவரிடம் கொடுத்து, வேலியோரம் இருந்த ஒரு தூரைக் காட்டினேன். "நீங்களே இழுத்துப் பாருங்க."

அவர் நுனியைச் சுற்றினார். இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றி முழு பலத்தோடு இழுத்தார். தூர் வேரோடு பிய்த்துக்கொண்டு வர, துரை மல்லாக்க விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். சர்க்கா அந்த நேரம் பார்த்துக் கத்தியது. கிடங்கில் வேலை செய்த பெண்களெல்லாம் முக்காட்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்கள்.

துரை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே கையிலிருந்த வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடங்கின் மூலையில் போன இலையுதிர்காலத்துப் பொதி ஒன்று மிச்சமிருந்தது. அதிலிருந்து ஒரு பிடி உருவி அவர் மடியில் வைத்தேன். ஒரு வேர்கூட இல்லை.

"அப்ப பிடுங்கினது இது. இப்ப பிடுங்கினா அது. வெள்ளைத் தாள் வேணும்னா தளிர்காலத்துல எங்க மேட்டத் தொடாதீங்க" என்றேன்.

துரை எழுந்தார். மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார். மேஸ்திரியின் காதுகள் சிவந்தன.

"தளிர்காலத்துல பிடுங்கின புல்ல இனிமே வாங்கமாட்டாராம்" என்றார் ஜெல்லூல் அண்ணன்.

"கிணத்தப் பத்தியும் சொல்லுங்க அண்ணே. ஜொஹ்ரா வீட்டுக்காரங்களப் பத்தியும் சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்த முறை மரியாதையெல்லாம் சேர்க்கவில்லை, சுருக்கமாகச் சொன்னார். துரை தலையை ஆட்டிவிட்டுச் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்து மணி பார்த்தார். அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவருக்குப் புள்ளியில்லாத தாள் வேண்டும், கிணறு யாருக்கு வேண்டும்? ஆனால் திங்கள்கிழமை எங்கள் மேட்டில் யாரும் குச்சி எடுக்கப் போவதில்லை. கோபத்தைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை கதவில் புதுக் காகிதம் மாட்டினார்கள். கழுதைக்கு எட்டாமல் இருக்க மேஸ்திரி இந்த முறை ஏணி போட்டு உயரமாக அடித்தார். ஆனால் தாள் நீளமானது. அதன் கீழ் மூலை சர்க்காவின் தலை உயரத்துக்குத் தொங்கியது.

மேஸ்திரி சாப்பிடப் போனதும் ஜெல்லூல் அண்ணன் எங்களுக்கு வாசித்துக் காட்டினார். மார்ச் முதல் ஜூன் முடியும்வரை எந்த மேட்டிலும் யாரும் புல் பிடுங்கக்கூடாது. உம்மா அதை மறுபடியும் வாசிக்கச் சொன்னார். மறுபடியும் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேற என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"கீழ ஒரு வரி இருக்கு. இந்த மேடெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு."

"எது அந்த வரி?"

அவர் கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். நான் அந்த எழுத்துகளை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். முதல் எழுத்து வளைந்த பிறை மாதிரி இருந்தது. இனி எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"அண்ணே, எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறீங்களா?"

"எதுக்கு?"

"அந்த வரிய மாத்தி எழுதணும். இன்னிக்கு இல்ல. படிச்ச பிறகு."

ஜெல்லூல் அண்ணன் மேஸ்திரி போன பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு, "நாளைக்கு வா" என்றார்.

"அதுவரைக்கும்..." என்று சொல்லிக்கொண்டே சர்க்காவின் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

ஜெல்லூல் அண்ணன் சட்டென்று திரும்பி ரயில் பாதையைப் பார்க்க ஆரம்பித்தார். "நான் எதையும் பாக்கல" என்றார்.

சர்க்கா கழுத்தை நீட்டி அந்தக் கடைசி வரியை மட்டும் தின்று முடித்தது. உடனே கயிற்றை இழுத்து அதை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.