இடைவேளை இல்லாத படம்

படம் முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. காந்திபுரத்து அந்தச் சின்ன அரங்கிலிருந்து எல்லாரும் எழுந்து போன பிறகு, ஒருவன் மட்டும் கையில் டீயும் தேங்காய் பன்னுமாக உள்ளே வந்து, முன்பு இருந்த நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்தான். திரையைச் சுருட்டிக்கொண்டிருந்த வர்ஷினிக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"ஏனுங்க, இடைவேளை முடிஞ்சு எப்பப் போடுவீங்க?"

"படமே முடிஞ்சுபோச்சுங்க."

"முடிஞ்சுபோச்சுங்களா? அந்தப் பொண்ணு இன்னும் சொல்லவே இல்லைங்களே..."

குரல் கூரையில் போய் முட்டியது. நவநீதனுக்குக் கருமத்தம்பட்டியில் தறிக்கூடம். இருபது தறிகள் ஓடுகிற இரைச்சலில் பேசிப் பழகியவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. மழைக்கு ஒதுங்கியவன், டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்றதும் ஜப்பான் படத்துக்குள் நுழைந்திருக்கிறான். ஆனால் அந்தக் கண்கள்... ஈரம் சொட்டும் முகத்தில் நிஜமாகவே தவித்துப்போன கண்கள். திரையில் வந்த யாரோ ஒருத்தியின் காதலுக்காக இப்படியும் ஒருவன் தவிப்பானா?

சனிக்கிழமைதோறும் அங்கே வெளிநாட்டுப் படம் போடும் திரைப்படக் கழகத்தை நடத்துகிறவள் வர்ஷினிதான். அவள் வாய் சும்மா இருக்குமா... ஜப்பானில் சொல்லாமல் விடுவதுதான் அழகு, படத்தின் கடைசியில் அந்தப் பெண் காதலன் முன் குனிந்து வணங்கினாளே, அதிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றாள். ஈரான் படமென்றால் காதலர்கள் விரல்கூடத் தொட்டுக்கொள்ள மாட்டார்கள், ஒரு கதவு திறந்து மூடுவதிலேயே கதை நடந்துவிடும். நம் ஆட்களுக்குத்தான் கூத்துப் பார்த்த பழக்கம், ஆடிப் பாடி மூன்று தடவை சொன்னால்தான் நம்புவார்கள் என்று பொரிந்து தள்ளினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எல்லாத்தையும் வாய்விட்டுச் சொன்னாத்தான் புரியும்னா, அது கொழந்தைங்களுக்குத்தானுங்க."

அவன் முகம் சுண்டிவிட்டது. பன்னைப் பாதியில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனான். வந்தவனை இப்படியா விரட்டுவது என்று அவளுக்கு அன்று முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமையும். கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்ப்பான், முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கித் தருவான். பேச்சு மட்டும் வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போனது. அவளுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நாளை மழை பிடித்துக்கொள்ளுமோ, அவிநாசி ரோட்டில் நெரிசல் இருக்குமோ, வராமல் இருந்துவிடுவானோ... வெள்ளிக்கிழமையே ஆரம்பித்துவிடும்.

புனேயில் பழைய படச்சுருள்களைச் செப்பனிடும் படிப்பு, இரண்டு வருடம், இடம் கிடைத்துவிட்டது, வருகிற ஞாயிறு போத்தனூரில் ரயில் என்று அவனிடம் சொன்னாள். "நல்லதுங்க," என்றான். அவ்வளவுதான். பாவி! வீடு போகிற வழியெல்லாம் அந்த ஒற்றை வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் மனசில் தான் இருக்கிறோமா என்று அவன் வாயால் கேட்காமல் ரயிலேறினால் இரண்டு வருடமும் நரகம்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. தானாகப் போய்க் கேட்கவோ வீம்பு விடவில்லை.

போத்தனூர் ஸ்டேஷன். லேசான தூறல். ரயில் கிளம்ப ஏழு நிமிடம் இருந்தது. புனே வரை கூட வரும் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். ஜன்னலுக்கு வெளியே நவநீதன் மூச்சிரைக்க வந்து நின்றான்... அவளைப் பார்த்தான்... ஒன்றும் பேசாமல் இடுப்பு வரை குனிந்து வணங்கி நிமிர்ந்தான்.

வர்ஷினிக்கு வந்ததே கோபம். விறுவிறுவென்று இறங்கி அவன் எதிரில் போய் நின்றாள்.

"என்னங்க இது?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, வாய்விட்டுச் சொல்றது கொழந்தைங்களுக்குன்னு. அதான்... சொல்லாம இருந்து பழகிட்டிருக்கறேன்."

"அது படத்துக்குங்க. நான் இந்த ஊருக்காரி. எனக்குச் சொல்லோணும்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பார்த்த அத்தனை நாட்டுப் படங்களும் எங்கே போய்த் தொலைந்தன? இப்போது அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வசனம். புரிகிற தமிழில், காது நிறைய.

அவன் தன் தறிக்கூடத்துக் குரலிலேயே சொன்னான்.

"உங்களை எனக்குப் புடிச்சுப்போச்சுங்க. நீங்க போறேன்னு சொன்னதுல இருந்து தறி ஓடுதா நிக்குதான்னே தெரியறதில்லை. ரெண்டு வருசம்னாலும் காத்திருக்கறேன். என்னைக் கட்டிக்கறீங்களா?"

பக்கத்துப் பெட்டியிலிருந்து நாலைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. தண்ணீர் பாட்டிலோடு வந்த அப்பா, நாலடி தள்ளி அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு கண்ணு இது?"

திரைப்படக் கழகத்தில் தெரிந்தவர் என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. நவநீதன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வர்ஷினி அப்பா பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் அவன் சொல்லவில்லை என்றுதானே தவித்தாள்... சொல்வது இத்தனை கஷ்டமா?

"நான் கட்டிக்கப்போறவருங்கப்பா," என்றாள்.